படம் போட்டவரும் பக்கம் கட்டியவரும்



புத்தகத்தைப் பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டால் அவர் எழுத்தாளரைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். அதுதான் நம்முடைய மேடை வழக்கம். இன்றைக்கு எழுத்தாளருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு கொடுப்போம். அவர் எழுதி முடித்துப் பேனாவை மூடிய பிறகு, அந்த எழுத்து அச்சாகி உங்கள் கைக்கு வந்து சேர்கிறதே, அந்த இடைவெளியில் அதைத் தொட்டவர்கள் யார் யார்? அதற்கு முகம் கொடுத்தவர் யார்? அதைப் படிக்கத் தக்கதாக ஆக்கியவர் யார்? நூல்களையும் பத்திரிகைகளையும் வடிவமைப்பதும் அவற்றுக்குப் படம் வரைவதும்தான் இன்றைக்கு என் பொருள்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் இந்த அரங்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். வந்தியத்தேவன் என்றதும் உங்கள் மனத்தில் ஒரு முகம் வருகிறதா, இல்லையா? அந்த முகத்தை உங்களுக்குக் கொடுத்தது யார்? மாணவர்கள் திரைப்பட நடிகரின் பெயரைச் சொல்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் முன்வரிசையில் தலை நரைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் 'மணியம்' என்பார்கள்.

1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் அந்த நாவல் தொடராக வந்தபோது, வாரம் தவறாமல் அதற்குப் படம் போட்டவர் ஓவியர் மணியம். அவருக்கு இருந்த நெருக்கடியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எழுத்தாளர், 'கோட்டை வாசலில் காவலர்கள் நின்றார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். ஓவியருக்கு அந்தச் சலுகை கிடையாது. வாசல் எவ்வளவு உயரம்? கதவில் குமிழ் உண்டா? காவலன் தலைப்பாகை கட்டியிருக்கிறானா, கொண்டை போட்டிருக்கிறானா? வேல் எந்தக் கையில்? எழுத்தில் மௌனம் சாதிக்கலாம், படத்தில் முடியாது. வரைந்தே தீர வேண்டும், வரைந்தது தவறாக இருந்தால் அடுத்த வாரமே வாசகர் கடிதம் வரும்.

பத்தாம் நூற்றாண்டுச் சோழ நாட்டுக்குப் புகைப்படம் உண்டா? இருந்தவை சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், சுவர் ஓவியங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதே 1931-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஆகவே ஓவியர் நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். நாவலை எழுதிய கல்கி தம்முடைய ஆராய்ச்சிப் பயணங்களில் மணியத்தையும் அழைத்துக்கொண்டு போனார். அஜந்தாவுக்குப் போனார்கள், இலங்கைக்குப் போனார்கள். ஒரு வாரப் பத்திரிகை ஒரு தொடர்கதையின் படத்துக்காக ஓவியரைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தது என்பதை, இன்றைய பத்திரிகை முதலாளிகள் யாராவது இங்கே இருந்தால், தயவுசெய்து காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

மணியம் 1968-இல், நாற்பதுகளின் நடுவிலேயே மறைந்துவிட்டார். அதே கதை பின்னாளில் மீண்டும் மீண்டும் தொடராக வந்தது. வேறு வேறு ஓவியர்கள் வரைந்தார்கள், நன்றாகவே வரைந்தார்கள். ஆனால் குந்தவை எப்படி நிற்பாள், நந்தினியின் கூந்தல் எப்படி முடியப்பட்டிருக்கும் என்பதற்கு முதல் இலக்கணம் எழுதியவர் மணியம்தான். ஓவியர்தான் கதையின் முதல் வாசகர். நமக்கு முன்னால் படித்து, நமக்காகத் தீர்மானம் செய்தவர்.

இனி, அவர்கள் எந்தக் கருவியை வைத்துக்கொண்டு இதைச் செய்தார்கள் என்று பார்ப்போம். இது தெரியாவிட்டால் அந்தக் காலப் படங்களின் அழகு பாதிதான் புரியும்.

அது ஈய எழுத்துக் காலம். எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கமாக்கி, மையைத் தடவி, தாளை அழுத்தி எடுக்கிற அச்சு. அதில் படம் எப்படி வரும்? ஓவியர் வெள்ளை அட்டையில், அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாக, கறுப்பு மையில் வரைவார். அதைக் கேமராவில் சின்னதாக்கிப் படம் எடுப்பார்கள். துத்தநாகத் தகட்டில் அந்தப் படத்தை ஏற்றி, அமிலத்தில் ஊறவைப்பார்கள். கோடு இருக்கிற இடம் மேடாக நிற்கும், மற்ற இடம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் அறைந்து, ஈய எழுத்தின் உயரத்துக்குச் சமமாக்கினால் அதுதான் 'பிளாக்'. எழுத்தோடு எழுத்தாகப் பிளாக்கையும் வைத்துப் பூட்டி, மெஷினில் ஏற்றுவார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த முறைக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. சாம்பல் வேண்டுமென்றால் படத்தைப் புள்ளிபுள்ளியாக உடைக்க வேண்டும். வழவழப்பான ஆர்ட் காகிதத்தில் அங்குலத்துக்கு 133 வரிசைப் புள்ளிகள் தாங்கும். பத்திரிகை அச்சாகும் சொரசொரப்பான காகிதத்தில் அவ்வளவு நெருக்கமாக வைத்தால் மை கசிந்து முகம் முழுக்க அம்மைத் தழும்பாகிவிடும். வண்ணத்துக்கும் இதே புள்ளிதான் வேண்டும். ஆகவேதான் வண்ணப் படங்களைத் தீபாவளி மலருக்கு ஒதுக்கிவைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு மலர். அதற்கென்று தனிக் காகிதம், தனிச் செலவு. மற்ற ஐம்பது வாரமும் ஓவியருக்குக் கிடைத்தது என்ன? ஒரு பேனா, ஒரு பிரஷ், ஒரு கறுப்பு மை.

அந்த வறுமையில் பிறந்ததுதான் தமிழ்ப் பத்திரிகையின் கோட்டோவியம்.

1930-களில் 'ஆனந்த விகடன்' இதழில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களைப் பார்த்திருக்கிறீர்களா? இயற்பெயர் டி.ஆர். மகாலிங்கம். கச்சேரியில் வாய் ஒரு பக்கம் கோணும், கை ஒரு பக்கம் பறக்கும், கண் மேலே செருகும். அதையெல்லாம் ஐந்தாறு கோட்டில் பிடித்தார். கேலிதான்; ஆனால் வித்வான்கள் கோபித்துக்கொள்ள முடியாத கேலி. ஏனென்றால் அந்தக் கோட்டுக்குள் பாட்டும் இருந்தது.

மாலிக்கு இன்னொரு கை உண்டு: ஆளைக் கண்டுபிடிக்கிற கை. தஞ்சாவூரில் பிறந்து கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்து வந்த கோபாலன் என்ற இளைஞரைக் 'கோபுலு' ஆக்கியவர் அவர். நாமக்கல்லிலிருந்து வந்த சீனிவாசனுக்குச் 'சில்பி' என்று பெயர் வைத்தவரும் அவரே.

சில்பி என்ன செய்தார்? கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து வரைந்தார். விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற பகுதி வந்ததே, அது அவருடைய கை. கேமரா இருக்கும்போது எதற்காக வரைய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். எண்ணெய் படிந்து கறுத்த கல், மங்கலான மண்டபம், மட்டமான காகிதம். புகைப்படம் எடுத்து அச்சிட்டால் ஒரு கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். சில்பியின் படத்திலோ கிரீடத்தின் மணி தனியாகத் தெரியும், மேகலையின் கண்ணி தனியாகத் தெரியும், சிலை எந்தக் காலில் பாரத்தை ஊன்றியிருக்கிறது என்பதுகூடத் தெரியும். எதைக் காட்டுவது, எதை விடுவது என்று கேமராவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தது.

கோபுலுவைப் பற்றி ஒரு தனிக்கூட்டமே போடலாம். கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதினார். சிவாஜியும் பத்மினியும் நடித்து 1968-இல் படமாக வந்தது. ஆனால் அதற்கு முன்பே சிக்கல் சண்முகசுந்தரத்தையும் மோகனாவையும் வாரந்தோறும் வீட்டுக்குள் கொண்டுவந்தவர் கோபுலு. நாகஸ்வரத்தைப் பிடிக்கிற விரல், தவில்காரர் உட்காருகிற தினுசு, சத்திரத்துத் திண்ணையில் வெற்றிலைச் செல்லத்தை நகர்த்துகிற கை, இவையெல்லாம் தஞ்சை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரின் கண்ணில் ஊறிக் கிடந்தவை. சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் வேடிக்கையே பொருந்தாத இரண்டு உலகங்கள் மோதிக்கொள்வதுதான். அதைச் சாவி பக்கம் பக்கமாக எழுதினார். கோபுலு படத்தில் ஒரு மடிசார் மாமியையும் ஒரு அமெரிக்கப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் போதும், வாசகர் அங்கேயே சிரித்துவிடுவார்.

வசனமே இல்லாத நகைச்சுவைத் துணுக்குகளையும் அவர் வரைந்தார். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கீழே ஒரு வரி வசனம் எழுதிவிட்டால் படம் சுமாராக இருந்தாலும் வசனம் காப்பாற்றிவிடும். வசனத்தை எடுத்துவிட்டால்? படமே பேச வேண்டும், படமே இடைவெளி விட வேண்டும், படமே சிரிக்க வைக்க வேண்டும். முதுமையில் பக்கவாதம் வந்து வலது கை ஒத்துழைக்க மறுத்தபோது, அவர் இடது கையில் வரையப் பழகிக்கொண்டார். 2015-இல் மறைந்தார்.

குழந்தைகள் பத்திரிகைப் பக்கம் போனால் 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' இருக்கிறது. உருவிய வாளோடு விக்கிரமாதித்தன் நடக்கிறான், தோளில் வேதாளம் தொங்குகிறது. அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர், முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். அந்த இதழ் பல இந்திய மொழிகளில் வந்தது, படம் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். ஒரு வீட்டில் தமிழிலும் இன்னொரு வீட்டில் தெலுங்கிலும் வேறொரு வீட்டில் இந்தியிலும் கதை கேட்ட குழந்தைகள் ஒரே வேதாளத்தைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

சரி. மாலி, மணியம், சில்பி, கோபுலு, சங்கர். பெயர்களைச் சொன்னேன். நீங்களும் தலையை ஆட்டினீர்கள். இப்போது என்னுடைய இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதே பத்திரிகைகளில், இதே பக்கங்களில், படத்தைச் சுற்றி எழுத்து ஓடியதே, அந்தப் பக்கத்தைக் கட்டியவர் யார்? படம் இடப்பக்கம் வருவதா, வலப்பக்கம் வருவதா, தலைப்புக்கும் கதைக்கும் நடுவில் எவ்வளவு இடம் விடுவது என்று முடிவு செய்தவர் யார்? ஒருவர் பெயராவது சொல்லுங்கள் பார்ப்போம்.

தெரியாது. எனக்கும் அதிகம் தெரியாது. படத்தைக் கொண்டாடிய நாம், பக்கத்தை மறந்தோம். இதுதான் இன்றைக்கு நான் உங்களிடம் சொல்ல வந்தது.

பக்கம் என்பது பழைய கவலை. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சின்னஞ்சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சானது. அதிலேயே இரண்டு வகை எழுத்துகள். ஒன்று கோவாவில் வார்த்தது, இன்னொன்று கொல்லத்தில் வார்த்தது. ஏன் இரண்டாவது முறை வார்த்தார்கள்? முதலில் வார்த்ததைப் பார்த்து, இன்னும் நன்றாக வர வேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். தமிழ் அச்சின் முதல் வடிவமைப்புத் திருத்தம் அது.

பிறகு தரங்கம்பாடி. அங்கிருந்த மிஷனரி சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. வந்தவை அளவில் பெரியவை. பெரிய எழுத்து என்றால் அதிகக் காகிதம். காகிதமோ கப்பலில் வர வேண்டும். புதிய ஏற்பாடு முழுவதையும் அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதச் செலவு தாங்காது. என்ன செய்தார்கள்? சிறிய எழுத்தை அங்கேயே வார்த்தார்கள். அதற்கு வேண்டிய ஈயம், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக் கட்டிகளைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கிக் கிடைத்தது என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. 1715-இல் புதிய ஏற்பாடு முடிந்தது. எழுத்தின் அளவைக் குறைத்தால் பக்கம் குறையும், பக்கம் குறைந்தால் செலவு குறையும், ஆனால் கண்ணுக்குக் கஷ்டம் கூடும். முந்நூறு ஆண்டுக்கு முன்னால் தரங்கம்பாடியில் போட்ட அதே கணக்கைத்தான் இன்றைக்கும் ஒவ்வொரு பதிப்பகத்திலும் போடுகிறார்கள்.

1862-இல் வின்சுலோவின் பேரகராதியைச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் அச்சிட்டார். ஒரு பெரிய நூலகத்தில் அது கிடைத்தால் திறந்து பாருங்கள். பொடி எழுத்துதான், ஆனால் கலங்காத எழுத்து. சொல் தனியாகத் தெரிகிறது, பொருள் தனியாகத் தெரிகிறது. அகராதியை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. ஓடி வந்து ஒரு சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடுகிறவனுக்காகக் கட்டிய பக்கம் அது.

ஓலைச்சுவடியிலிருந்து சங்க நூல்களையும் காப்பியங்களையும் பதிப்பித்த பெரியவர்களும் பக்கம் கட்டியவர்களே. சுவடியில் பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மெய்க்குப் புள்ளி இருக்காது. எல்லாம் ஒரே ஓட்டம். உ.வே. சாமிநாதையர் 1887-இல் 'சீவக சிந்தாமணி'யைப் பதிப்பித்துத் தொடங்கிய பணியில், செய்யுளை அடியடியாகப் பிரித்து நிறுத்தி, உரையை வேறாக்கி, குறிப்பைக் கீழே இறக்கினார். பாடம் கண்டது புலமை என்கிறோம். பக்கம் கண்டதும் புலமைதானே?

அச்சுக் கோப்பவர்களை நினைத்துப் பாருங்கள். இடது கையில் எழுத்தைக் கோக்கும் ஸ்டிக், வலது கை எழுத்துப் பெட்டியான கேஸின் அறைகளில் ஓடும். எழுத்தோ கண்ணாடியில் பார்ப்பதுபோல் தலைகீழாக நிற்கும். 'கோ' என்று கோக்க இரட்டைக் கொம்பு ஒன்று, ககரம் ஒன்று, கால் ஒன்று, ஆக மூன்று முறை கை போய்வர வேண்டும். உகர ஊகார வரிசைக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் தனி அச்சு. போதாக்குறைக்கு ணா, றா, னா எல்லாம் அன்று வளைந்த தனி உருவம். லை, ளை எல்லாம் துதிக்கை தூக்கிய உருவம். பெரியார் 1935-இல் 'குடி அரசு' இதழில் இவற்றைச் சீர்திருத்தி அச்சிடத் தொடங்கியபோது சொன்ன காரணங்களில் அச்சுக் கோப்பவரின் வசதியும் ஒன்று. 1978-இல் தமிழக அரசு ஆணையாக அது வந்தது. 13 எழுத்துகள் மாறின. பழைய புத்தகத்தைத் திறக்கும்போது இளைஞர்கள் ஒரு நொடி தடுமாறுகிறீர்களே, அந்த 13 எழுத்துகளால்தான்.

இப்போது நான் கொஞ்சம் நுணுக்கமாகப் பேசப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இதுதான் இந்தத் தொழிலின் உயிர்நிலை.

தமிழ் வரியின் குணம் என்ன? மேலே 'கீ' என்ற எழுத்தின் சுழி ஏறும். கீழே 'மு', 'ழு', 'ஞ' எல்லாம் இறங்கும். மேல்வரியின் இறக்கமும் கீழ்வரியின் ஏற்றமும் முட்டிக்கொள்ளக் கூடாது. ஆகவே தமிழுக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். 11 பாயிண்ட் எழுத்து என்றால் வரிக்கு வரி 15, 16 பாயிண்டாவது தள்ளி நிற்க வேண்டும். ஆங்கில நூலின் அளவை அப்படியே எடுத்துத் தமிழ்ப் பக்கத்தில் வைத்தால் எறும்புப் புற்றைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இரண்டாவது, தமிழ்ச் சொல் நீளம். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று ஒரே மூச்சில் எழுதுகிற மொழி இது. பத்திரிகைப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்தால், ஒரு வரிக்கு இரண்டு சொல்தான் கொள்ளும். இரண்டு ஓரமும் நேராக வர வேண்டும் என்று கணிப்பொறிக்குக் கட்டளை போட்டால் அது என்ன செய்யும்? இரண்டு சொல்லையும் இரண்டு ஓரத்துக்கு விரட்டிவிட்டு நடுவில் ஒரு மைதானத்தை விடும். அடுத்த வரியிலும் ஒரு மைதானம். மேலிருந்து கீழே பக்கத்தில் வெள்ளை ஆறு ஒன்று ஓடும். பல பத்திரிகைகளில் இதைப் பார்க்கலாம்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்த ஆறு ஏன் ஓடவில்லை? அச்சுக் கோப்பவர் வரி நிரம்பியதும் சொல்லை அங்கேயே உடைப்பார். இணைப்புக்கோடுகூடப் போடமாட்டார். தமிழில் எழுத்து எழுத்தாக உடைத்தாலும் படிக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கண்மூடித்தனமாக உடைக்கமாட்டார். புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரியைத் தொடங்கினால் நாக்கு இடறும். 'கொ'வின் கொம்பை மேல்வரியிலும் உடலைக் கீழ்வரியிலும் வைத்தால் படிப்பவன் திட்டுவான். இந்த விதிகளைக் கையால் கற்றுக் கையிலேயே வைத்திருந்தார்கள். அச்சகங்களில் ஈயம் போய்க் கணிப்பொறி வந்தபோது அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பினோம். விதிகளையும் சேர்த்து அனுப்பிவிட்டோம்.

சாய்வெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது. நிமிர்ந்த எழுத்தைக் கணிப்பொறியில் பிடித்துத் தள்ளினால் அது சாய்ந்த எழுத்தாகாது, சரிந்த எழுத்தாகும். நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது, அழுத்தத்துக்குத் தடித்த எழுத்து இருக்கிறது. இது என் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்து வெள்ளையையும் சொல்லியாக வேண்டும். படிக்கிறவர் புத்தகத்தைப் பிடிக்கக் கட்டைவிரல் வைக்கிற இடம் அது. காகிதத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஓரத்தைச் சுரண்டினால் கட்டைவிரல் எழுத்தின் மேல் ஏறும். நடு ஓரம் இன்னும் முக்கியம். பசை போட்டு ஒட்டிய பைண்டிங்கில் உள்பக்கம் முழுதாக விரியாது; வரியின் கடைசிச் சொல் முதுகுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அதைப் படிக்க வாசகர் புத்தகத்தை நெரிப்பார். முதுகு உடையும், தாள் உதிரும். பழி பைண்டர் மேல்.

பதிப்பாளரின் பக்கமும் கேட்க வேண்டும், நியாயம்தானே? புத்தகம் ஃபாரம் கணக்கில் அச்சாகிறது. ஒரு ஃபாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். நூல் 163 பக்கத்தில் முடிந்தால்? அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு அரை ஃபாரம் ஏற்ற வேண்டும். நல்ல வடிவமைப்பாளர் என்ன செய்வார்? ஒரு பத்தியின் கடைசி வரியில் ஒரே ஒரு சொல் தொங்கும் இடங்களைத் தேடித் தேடி இழுத்து, அத்தியாயத் தலைப்பின் மேலுள்ள வெள்ளையைச் சற்றுக் குறைத்து, வாசகருக்குத் தெரியாமல் 160-க்குள் கொண்டுவந்துவிடுவார். மோசமானவர் எழுத்தை ஒரு பாயிண்ட் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். இரண்டு பேருக்கும் கூலி ஒன்றுதான் என்பது தனிக்கதை.

பக்கத்தை மதித்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கொண்டுவந்த நூல்களைக் கையில் எடுத்தாலே வேறுபாடு தெரியும். 'நடந்தாய் வாழி காவேரி' அவர்கள் வெளியிட்டதுதான். 1974-இல் க்ரியா ராமகிருஷ்ணன் தொடங்கிய பதிப்பகம், காகிதம், எழுத்துரு, அட்டை, பிழையின்மை எல்லாவற்றையும் ஒரே வேலையாகப் பார்த்தது. 1992-இல் வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'யில் ஒரு பதிவைப் பாருங்கள். தலைச்சொல், இலக்கண வகை, பொருள், எடுத்துக்காட்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோற்றத்தில். கண் தானாகவே தேடியதைக் கண்டுபிடிக்கும்.

சிறுபத்திரிகைகள் இன்னொரு வேலை செய்தன. நவீன ஓவியர்களைத் தாளுக்குள் அழைத்துவந்தன. ஓவியர் ஆதிமூலம், திருச்சிப் பக்கத்துக் கீராம்பூர்க்காரர், 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவியங்களால் புகழ்பெற்றவர். அவர் சிறுபத்திரிகைகளுக்கு அட்டை வரைந்தார், அதைவிட முக்கியமாகத் தலைப்பு எழுத்துகளை வரைந்தார். எழுத்தே ஓவியமாக நின்றது. கி. ராஜநாராயணன் 'ஜூனியர் விகடன்' இதழில் 'கரிசல் காட்டுக் கடுதாசி' எழுதியபோது படம் ஆதிமூலம். காட்சியை அப்படியே வரைகிற பழைய வழியை அவர் பின்பற்றவில்லை. வெடித்த மண், காய்ந்த முள், வெயிலில் சுருங்கிய முகம் என்று கரிசலின் தோலை வரைந்தார். லட்சக்கணக்கில் விற்கிற பத்திரிகையில் அந்தக் கோடு வந்தபோது, 'இதெல்லாம் படமா?' என்று கேட்ட வாசகர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இன்று அந்தப் படம் இல்லாமல் அந்தக் கடுதாசியை நினைக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று, நம் சென்னையிலேயே. தாரா புக்ஸ் வெளியிட்ட மரங்களின் இரவு வாழ்க்கையைப் பற்றிய ஒரு நூல். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்தது. கையால் செய்த கறுப்புக் காகிதத்தில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பட்டுத்திரை அச்சில் கையால் ஏற்றி, கையால் தைத்தது. 2008-இல் இத்தாலியின் பொலோனியாவில் நடந்த குழந்தைநூல் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதில் ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒவ்வொரு பிரதியிலும் அதன் எண் கையால் எழுதப்பட்டிருக்கும். உங்கள் கையில் இருக்கும் பிரதி எத்தனையாவது என்று தெரியும். இத்தனையும் நம் ஊர்த் தொழிலாளர்களின் வேலை. அவர்களுக்குக் கை இருக்கிறது, பொறுமை இருக்கிறது. கொடுக்கப்பட்ட காலமும் மரியாதையும்தான் வேறு.

அதே ஊரில் மறுபக்கத்தையும் பார்க்கிறோமா, இல்லையா? 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். மலிவாகக் கிடைக்கிறது, மகிழ்ச்சி. ஆனால் எத்தனை பதிப்புகளில் மணியம் இருக்கிறார்? படங்களோடு வந்த நல்ல பதிப்புகளும் உண்டு, மறுக்கவில்லை. பெரும்பாலானவற்றில் எழுத்து மட்டும்தான், அதுவும் நெருக்கியடித்த எழுத்து. வார இதழில் படத்தோடு பிறந்த கதை நூலாகும்போது படத்தை உதறிவிடுகிறது. இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலையில் ஒருவரை வாசலிலேயே நிறுத்திவிட்டோம். அட்டைக்கோ, இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு சித்திரம். வரைந்தவரைக் கேட்பதும் இல்லை, பெயர் போடுவதும் இல்லை.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் பதிப்புரிமையும் விலையும் போடுகிறோம். அந்தப் பட்டியலில் இன்னும் நான்கு வரி சேர்க்க எவ்வளவு செலவு ஆகும்? அட்டை ஓவியம் இன்னார், உள்படங்கள் இன்னார், பக்க வடிவமைப்பு இன்னார், எழுத்துரு இன்னது. சில பதிப்பகங்கள் ஏற்கெனவே செய்கின்றன. பெயர் போட்டால் பொறுப்பு வரும். பக்கம் கட்டியவர் தம் பெயர் அச்சாகப் போகிறது என்று தெரிந்தால், அந்த வெள்ளை ஆறுகளை ஓட விடுவாரா? புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்க விடுவாரா? தொடர்கதையை நூலாக்கும் பதிப்பாளர்களிடம் என் வேண்டுகோள், படம் வரைந்தவரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அவர் இல்லையென்றால் அவர் குடும்பத்தைக் கேளுங்கள். நூலகர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இங்கே பழைய வார இதழ்களின் பைண்டு வால்யூம்கள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவற்றைப் பழைய காகிதக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். மணியத்தையும் கோபுலுவையும் முதல் அச்சில் பார்க்க அவற்றைவிட்டால் நமக்கு வேறு இடம் அதிகமில்லை.

வெளியே வாசலில் இரண்டு பதிப்பகத்தார் மேசை போட்டிருக்கிறார்கள். வாங்குகிறீர்களோ இல்லையோ, எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் அந்த இரண்டாம் பக்கத்தைத் திருப்புங்கள். பெயர் இல்லையென்றால், 'இதைக் கட்டியவர் யார்?' என்று மேசைக்காரரிடமே கேளுங்கள். அவர்கள் என்னைக் கோபித்துக்கொண்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.